டச்சில் ‘போட்டு வாறன்’ – வாசகர் கேள்வி பதில்

போன தடவை டச்சு மொழியில் முகமன் சொல்வது பற்றி நாலு வரி எழுதினேன். வந்த கேள்விகள் எல்லாம் அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்திருக்கின்றன. விடைபெறும்போது என்ன சொல்வது, எப்போது எழும்புவது, கை கொடுப்பதா கன்னம் கொடுப்பதா என்று. திருகோணமலையில் இத்தனை பேருக்கு இது தேவைப்படுமென்று நான் நினைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், ஒரு பக்கம் நிலாவெளிக் கடலுக்கு வரும் டச்சுக்காரர்கள், மறுபக்கம் ஹொலண்டில் மகன், மகள், பேரப்பிள்ளை என்று எங்களுக்கும் அந்த நாட்டுக்கும் போக்குவரத்து இருக்கத்தான் செய்கிறது. இருபத்திரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டு வந்து இங்கே விறாந்தையில் வைத்து நாலு பிள்ளைகளுக்கு டச்சு சொல்லிக்கொடுப்பவள் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள், சரி, தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் உச்சரிப்பு. பள்ளிக்கூடத்தில் எஃகு, அஃது என்று படித்துவிட்டுப் பிறகு வாழ்நாளில் தொடாமல் விட்ட ஆய்த எழுத்து டச்சுக்கென்றே செய்தது போல இருக்கும். ‘டஃ’ என்று கீழே எழுதியிருந்தால் கடைசியில் தொண்டைக்குள் மீன்முள் சிக்கினவர் காற்றை இழுத்து விடுவது போல ஒரு ஒலி வரவேண்டும். ‘ஃப’ என்று வரும் இடத்தில் மட்டும் வழக்கமான ‘ஃபோன்’ ஒலிதான், அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நான் உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறேன். டச்சுக்காரர்கள் அறையை விட்டுப் போகும்போது ‘டூய்’, சில நேரம் ‘டூய் டூய்’ என்கிறார்கள். நான் ‘பாய் பாய்’ என்று சமாளிக்கிறேன். என்ன சொன்னால் சரி அக்கா?

‘டூய்’ என்றால் நீங்களும் ‘டூய்’ தம்பி, அவ்வளவுதான். அதை எழுத்தில் இருப்பது போலத் தட்டையாகச் சொல்லாதீர்கள், கொஞ்சம் இழுத்து, கடைசியில் குரலை மேலே கொண்டுபோக வேண்டும், ஏறக்குறையப் பாடுவது போல. தட்டையாகச் சொன்னால் ‘போய்த் தொலை’ என்பது மாதிரிக் கேட்கும். இரண்டு தரம் சொன்னால் இன்னும் அன்பு.

வயதான தம்பதி என்றால் ‘டஃ’ பொருத்தம். அதன் பொருள் ‘நாள்’. அதே சொல்லைக் காணும்போதும் சொல்வார்கள், பிரியும்போதும் சொல்வார்கள். பிரியும்போது நீளும், ‘டாஆஃ’ என்று. கூட ‘மெனேர்’ என்றால் ஐயா, ‘மெஃப்ரௌ’ என்றால் அம்மா. அவர்கள் சிகிரியாவுக்கோ விமான நிலையத்துக்கோ வெளிக்கிடுகிறார்கள் என்று தெரிந்தால் ‘ஃகூயெ ரெய்ஸ்’, அதாவது பயணம் நல்லபடி அமையட்டும் என்று ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். திருகோணமலையில் ஒரு பையன் அதைச் சொன்னான் என்று அவர்கள் ஊருக்குப் போயும் கதைப்பார்கள்.

இன்னொன்று, இது சொல் இல்லை, செயல். டச்சில் ‘அவுட்ஸ்வாயன்’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. போகிறவர் கண்ணுக்கு மறையும்வரை வாசலில் நின்று கையசைத்து அனுப்புவதற்கு அந்த ஒரே சொல். அங்கே வீட்டுக்கு வந்தவரின் கார் தெருமுனை திரும்பும்வரை வீட்டுக்காரர் வாசலிலோ ஜன்னலிலோ நிற்பார், காரில் இருப்பவரும் திரும்பும் இடத்தில் ஒருமுறை கை காட்டுவார். நாங்கள் படலையடியில் நின்று அனுப்புவது போலத்தான், ஆனால் நாங்கள் படலையடியில் புதிதாக ஒரு கதை தொடங்கி இன்னும் அரை மணித்தியாலம் நிற்போம், அவர்கள் கையை மட்டும் ஆட்டுவார்கள். ஆகவே பையை ஓட்டோவில் ஏற்றிவிட்டு உடனே உள்ளே போய்விடாதீர்கள் தம்பி. ஓட்டோ திரும்பும்வரை நில்லுங்கள். அவர்கள் நிச்சயம் திரும்பிப் பார்ப்பார்கள்.

கேள்வி: பாலையூற்றிலிருந்து எழுதுகிறேன். கணவர் நெதர்லாந்தில். கொழும்பில் தூதரகத்தில் எழுத வேண்டிய பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘டொட் ஸீன்ஸ்’, ‘டொட் ஸோ’, ‘டொட் ஸ்ட்ரக்ஸ்’ எல்லாவற்றுக்கும் புத்தகத்தில் ‘பிறகு சந்திப்போம்’ என்றே போட்டிருக்கிறது. எதைச் சொன்னாலும் ஒன்றுதானா?

ஒன்றே இல்லை பிள்ளை! அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் நானும் மாட்டுப்பட்டேன்.

அங்கு போன முதல் வருடம் ஹேக் நகருக்குப் பக்கத்தில் வெஸ்ட்லாந்து என்ற பகுதியில், கண்ணாடிக் கூரைக்குக் கீழ் தக்காளி வளர்க்கும் ஒரு இடத்தில் வேலை. வெள்ளிக்கிழமை நாலு மணி, வேலை முடிந்தது, மேற்பார்வையாளரைப் பார்த்துப் பெருமையாக ‘டொட் ஸோ!’ என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மனுசன் பின்பக்கக் கதவைப் பூட்டாமல், எனக்கும் ஒரு கோப்பி ஊற்றி மேசையில் வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் இருந்திருக்கிறார். ஏனென்றால் ‘டொட் ஸோ’ என்றால் இந்தா வந்துவிட்டேன், ஐந்து பத்து நிமிடத்தில் திரும்பி வருவேன் என்று பொருள். திங்கட்கிழமை வந்து நின்றபோது அவர் ஒன்றும் பேசவில்லை, மணிக்கூட்டை மட்டும் பார்த்தார்.

‘டொட்’ என்றால் ‘வரை’. டச்சுக்காரர் பிரியும்போது அடுத்த சந்திப்பு எப்போது என்பதை அந்தச் சொல்லுக்குப் பின்னால் வைக்கிறார்கள். கழிப்பறைக்குப் போகிறீர்கள், பக்கத்துக் கடைக்குப் போகிறீர்கள் என்றால் ‘டொட் ஸோ’. காலையில் கணவரை வேலைக்கு அனுப்புகிறீர்கள், பின்னேரம் காண்பீர்கள், அதாவது இன்றைக்கே ஆனால் சில மணி நேரம் கழித்து என்றால் ‘டொட் ஸ்ட்ரக்ஸ்’. நாளைக்கு என்றால் ‘டொட் மோர்ஃகன்’, திங்கட்கிழமை என்றால் ‘டொட் மாண்டஃ’. நாள் தெரியாது, ஆனால் கெதியில் காணவேண்டும் என்று மனதில் இருக்கிறதென்றால் ‘டொட் ஃகௌ’. எப்போது காண்போம் என்றே தெரியாவிட்டால், அல்லது கந்தோரில், வங்கியில், டொக்டரிடம் கொஞ்சம் மரியாதையாக முடிக்கவேண்டுமென்றால் ‘டொட் ஸீன்ஸ்’, பார்க்கும் வரை என்று.

எங்களுக்கு இது புதிது. கிணற்றடிக்குப் போனாலும் ‘வாறன்’, கனடாவுக்குப் போனாலும் ‘போட்டு வாறன்’. போறன் என்று மட்டும் சொல்லக்கூடாது, அம்மா வாயிலேயே அடிப்பா. எங்கள் சொல்லில் திரும்பி வருவேன் என்பது கட்டாயம் இருக்கவேண்டும், எப்போது என்பதை யாரும் கேட்பதில்லை. அவர்களுக்கு எப்போது என்பதுதான் முக்கியம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மிச்சமெல்லாம் தானாக வரும்.

கடையில் காசு கொடுத்ததும் அந்தப் பிள்ளை ‘ஃபெய்னெ டஃ நொஃ’ என்று சொல்லும், மிச்ச நாள் நன்றாக இருக்கட்டும் என்று. எனக்குப் பின்னால் நிற்கிறவருக்குச் சொல்கிறாள் என்று நினைத்து முதல் மூன்று மாதமும் வாய் திறக்காமல் வந்திருக்கிறேன். பேசாமல் வருவது அங்கே மரியாதைக் குறைவு. ‘யெய் ஓக்’ என்றால் உனக்கும், வயதானவர் என்றால் ‘ஊ ஓக்’, உங்களுக்கும். அந்த ‘ஊ’வுக்கு உதட்டை ஊ போலக் குவித்துக்கொண்டு உள்ளே ஈ சொல்லவேண்டும், கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகுங்கள். நீ, நீங்கள் வித்தியாசம் எங்களுக்குப் பாலோடு ஊட்டியது, ஆங்கிலம் மட்டும் படித்தவர்களை விட எங்களுக்கு இது லேசு.

அப்புறம் இந்த ‘குட் நைட்’. இங்கே ஆறரை மணிக்குக் கடையைப் பூட்டும்போதே குட் நைட் சொல்லிப் பழகிவிட்டோம். டச்சில் ‘வெல்டெருஸ்டன்’ என்பது படுக்கப் போகிறவருக்கு மட்டும். பக்கத்து வீட்டு மனுசியிடம் மாலை ஏழு மணிக்கு அதைச் சொன்னபோது, உனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். மாலையில் பிரியும்போது ‘ஃபெய்னெ ஆவண்ட்’, இனிய மாலை. ‘ஃகூடெனாவண்ட்’ என்பது காணும்போது சொல்வது.

பரீட்சையைப் பற்றி ஒரே வார்த்தை. வாசிப்பு, பேச்சு, அந்த நாட்டைப் பற்றிய அறிவு என்று மூன்று பகுதி, தரம் ஏ1, அதாவது மொழி படிப்பதில் ஆக முதல் படி, பேச்சுப் பகுதியில் கேள்வி கேட்பது கணினி. கணினிக்கு ‘டூய்’ சொல்லத் தேவையில்லை. ஆனால் அங்கே போய் இறங்கினால் 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி பெரும்பாலானோர் பி1 என்ற நடுத்தரப் படி வரை போகவேண்டும், அதைக் கணினியோடு பேசிப் படிக்க முடியாது, தெருவில்தான் படிக்கவேண்டும். இப்போதே கணவரோடு வட்ஸ்அப்பில் பேசி முடிக்கும்போது ‘டொட்’ போட்டுப் பழகுங்கள்.

கேள்வி: கிண்ணியா வாசகி. அங்கே பிரியும்போது ஆண் பெண் பார்க்காமல் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுப்பார்களாமே? நாங்கள் எப்படிச் சமாளிப்பது?

எல்லோரும் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. உறவினர், நெருங்கிய நண்பர், பிறந்தநாள், புது வருடம் என்ற மாதிரி நேரங்களில் பெண்களுக்கிடையே, ஆண் பெண்ணுக்கிடையே மூன்று தரம் கன்னத்தோடு கன்னம். உண்மையில் முத்தம் காற்றுக்குத்தான் போகும். ஆணும் ஆணும் கை குலுக்குவார்கள். பக்கத்து நாடான பெல்ஜியத்தில் பெரும்பாலும் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள், ஆகவே எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உள்ளவர்கள் சந்தித்தால் மூக்கு முட்டுவதும் நடக்கும். கொரோனாவுக்குப் பிறகு இந்தப் பழக்கம் நன்றாகக் குறைந்துவிட்டது, நிறையப் பேர் ‘அப்பாடா’ என்று விட்டுவிட்டார்கள்.

வேண்டாதவர்களுக்கு ஒரு தந்திரம் இருக்கிறது தங்கச்சி. மற்றவர் முகம் முன்னால் வருவதற்கு முன்பே கையை நேராக, தயங்காமல் நீட்டிவிட வேண்டும். நீட்டிய கை அந்த இடைவெளியை வைத்துக்கொள்ளும். நான் பத்து வருடம் அப்படித்தான் தப்பினேன், பிறகு மருமகளின் தாய் வந்து எல்லாவற்றையும் குழப்பிவிட்டா.

கையும் கொடுக்க விருப்பமில்லை என்றால், வலது கையை நெஞ்சில் வைத்து, கண்ணைப் பார்த்துச் சிரித்து, தெளிவாக ‘டஃ’ சொல்லுங்கள். பெரும்பாலும் பிரச்சினை வராது. வரவே வராது என்று பொய் சொல்லமாட்டேன். 2004இல் ஓர் இமாம் பெண் அமைச்சர் ஒருவருடன் கை குலுக்க மறுத்தது நாடு முழுக்க வாதமானது. அங்கே கை கொடுப்பதை இரண்டு பேரும் சமம் என்பதற்கு அடையாளமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. தலையைக் குனிந்துகொண்டு பின்னால் ஒதுங்கினால்தான் தப்பாகப் போகும். முகத்தைப் பார்த்துச் செய்தால் மரியாதை என்று விளங்கிக்கொள்வார்கள்.

கேள்வி: மகள் கட்டியது டச்சுப் பையனை. வருகிற சித்திரையில் சம்பந்தி வீட்டுக்குப் போகிறோம். பின்னேரம் மூன்று மணிக்குக் கோப்பிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எப்போது எழும்பவேண்டும், எப்படிச் சொல்லி எழும்புவது? – மட்டிக்களியிலிருந்து ஒரு தகப்பன்

ஐயா, கோப்பிக்கு என்றால் கோப்பிக்கு மட்டும்தான். ஒரு கோப்பி, கூட ஒரு பிஸ்கட், பிறகு இரண்டாவது கோப்பி. இரண்டாவது குடித்து முடிந்து கொஞ்சம் கதைத்தால் நேரம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறைய வீடுகளில் இராச் சாப்பாடு ஆறு மணிக்கு, ஐந்தரைக்கு அடுப்பு எரிய வேண்டும். அந்த நேரம் நீங்கள் சோபாவில் இருந்தால் அவர்களுக்கு இருப்புக் கொள்ளாது. உங்களைப் பிடிக்காமல் இல்லை, உருளைக்கிழங்கை நாலு பேருக்கு எண்ணி வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பினால் பாவம், அங்கே சாப்பாட்டு நேரம் வரை இருந்தால் சங்கடம். இதில் யாருக்கும் கோபம் வரத் தேவையில்லை.

எழும்பும் விதம்தான் அழகானது. டச்சுக்காரர் ஒருவர் பேச்சு ஓய்ந்த நேரம் பார்த்து இரண்டு உள்ளங்கையையும் தொடையில் ‘பட்’டென்று அடித்து ‘ஸோ!’ என்பார். அந்த ஒரு எழுத்துத்தான் முழு அறிவிப்பு. எல்லோருக்கும் விளங்கிவிடும், மனுசி கைப்பையைத் தேடுவா, வீட்டுக்காரர் எழும்பி மேற்சட்டைகளை எடுத்துவரப் போவார். நீங்களும் தாராளமாக அடிக்கலாம். வேட்டி கட்டிக்கொண்டு போனாலும் தொடை தொடைதான். வீட்டுக்காரரே தொடையைத் தட்டி ‘ஸோ’ என்றால், ஐயா, அது உங்களுக்கான குறிப்பு.

இன்னும் இருங்கோ, இப்பதானே வந்தனீங்கள் என்று மூன்று தரம் மறித்துக் கையைப் பிடித்து இருத்துவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். என் கணவருக்கு முதல் தடவை அது பெரிய மனக்குறை. நாங்கள் போகிறோம் என்றதும் அவர்கள் ‘ஓகே’ என்று எழும்பிவிட்டார்கள், அவர் வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். அவர்கள் உங்கள் சொல்லை அப்படியே நம்புகிறார்கள், போகவேண்டும் என்றால் போகவேண்டும்தானே. பிறகு வாசலில் ‘அவுட்ஸ்வாயன்’ நடக்கும் என்று மேலே சொன்னேனே, அன்பு அங்கேதான் வரும். நீங்கள் காரில் ஏறிவிட்டால் ‘வெல் தௌஸ்’ என்பார்கள், பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள் என்று.

பிறந்தநாள் வீடு என்றால் கதை வேறு. கதிரைகளை வட்டமாகப் போட்டு இருத்திவைத்து எல்லோரும் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்வார்கள், பிறந்தநாள்காரரின் தாய்க்கும் தமையனுக்கும் கூட. போகும்போது வட்டத்தைச் சுற்றி ஒவ்வொருவராகக் கை கொடுத்துக்கொண்டு வருவது பழைய முறை. ஆட்கள் நிறைய இருந்தால் கதவடியில் நின்று ஒரு கையை உயர்த்தி ‘டஃ அல்லமால்’, எல்லோருக்கும் டஃ, என்றால் போதும். சொல்லாமல் நழுவி மட்டும் வராதீர்கள்.

கேள்வி: கோணேசர் கோயிலை இடித்தவனுடைய மொழியை எதற்கு அக்கா படிக்க வேண்டும்? – தம்பலகாமம்

இடித்தது போர்த்துக்கேயர், தம்பி. ஒல்லாந்தர் 1639இல் வந்து அவர்களிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். அவர்களும் இங்கே தர்மம் செய்ய வரவில்லை, அது வேறு. ஆனால் உங்கள் அப்பா கந்தோருக்குப் போனார், அம்மா லாச்சிக்குள் சாவி வைத்தா, வீட்டுக்கு இஸ்தோப்பு இருக்கிறது, கொல்லைப்பக்கம் கக்கூஸ் இருக்கிறது. நாலும் டச்சு. நீங்கள் ஏற்கெனவே படித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

கேள்வி: தில்பர்க் நகரில் படிக்கப் போயிருக்கிறேன், விடுமுறையில் ஊருக்கு வந்து இதை எழுதுகிறேன். அங்கே யாரும் ‘டூய்’ சொல்வதைக் காணவில்லை, ‘ஹௌடூ’ என்கிறார்கள். அது டச்சுத்தானா?

டச்சுத்தான், ஆனால் உங்கள் ஊர் டச்சு. தில்பர்க், ஐந்தோவன், பிரேடா எல்லாம் பிரபாண்ட் மாகாணம், அங்கே ‘ஹௌடூ’தான் ராசா. உன்னைக் கவனமாக வைத்துக்கொள் என்பதன் தேய்ந்த வடிவம். எங்கள் பக்கத்துக் கிழவிகள் ‘உடம்பைப் பாத்துக்கொள்ளு மோனை’ என்று சொல்லி அனுப்புவார்கள் இல்லையா, அதுதான். அந்தப் பக்கத்தில் அந்தத் தொண்டை ஒலியும் மெதுவாக வரும், மீன்முள் இல்லை, புட்டுத் துகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்ஸ்டர்டாமில் ‘டெ மஸல்’ என்பார்கள், அதிர்ஷ்டம் கிடைக்கட்டும் என்று, அது அங்கே வாழ்ந்த யூதர்களின் இத்திஷ் மொழியிலிருந்து வந்தது. வடக்கே ஃகுரோனிங்கனில் ‘மொய்’, வரும்போதும் போகும்போதும் அதுதான். ஃபிரீஸ்லாந்தில் மொழியே வேறு. அந்தப் பகுதிக்காரரான பீட் பவுலுஸ்மா என்ற வானிலை அறிவிப்பாளர் தொலைக்காட்சியில் மழை வெயில் எல்லாம் சொல்லிவிட்டு ஃபிரீஸ் மொழியில் ‘நாளை வரை’ என்று சொல்லி முடிப்பார், அதைக் கேட்டுக் கேட்டே அந்த மொழி தெரியாத நாடு முழுக்க அந்த இரண்டு சொல்லையும் படித்துக்கொண்டது. 2022இல் காலமானார். நான் சமைத்துக்கொண்டே கேட்பேன்.

வகுப்பு முடிந்து நீங்கள் வெளிக்கிட, கூடப் படிப்பவன் நூலகத்தில் இருக்கிறான் என்றால் அவனுக்கு ‘வெர்க் ஸெ’ சொல்லுங்கள். வேலை செய் என்று விரட்டுவது போலத் தெரியும், ஆனால் வேலை நல்லபடி நடக்கட்டும் என்ற வாழ்த்து.

கேள்வி: மின்னஞ்சலை எப்படி முடிப்பது? நான் ‘டூய்’ என்று எழுதி ஒரு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அனுப்பியது அனுப்பியாயிற்று. இனிமேல் ‘மெட் ஃப்ரீண்டெலெக்கெ ஃக்ரூட்’, நட்பான வணக்கத்துடன். அதை மூன்று எழுத்தாகச் சுருக்குவார்கள், செய்யாதீர்கள், வணக்கம் சொல்லவும் சோம்பலா என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தெரிந்தவர்களுக்கு ‘ஃக்ரூட்யெஸ்’.

கேள்வி: கூட வேலை செய்யும் டச்சுக்காரருடைய தாய் செத்துவிட்டா. செத்த வீட்டிலிருந்து வரும்போது எங்கள் வழக்கப்படி ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். அடுத்த நாள் அவர் என்னைக் கவலையாகப் பார்த்தார். பிழை விட்டேனா?

எங்கள் வழக்கத்தில் பிழை இல்லை. செத்த வீட்டில் ‘போட்டு வாறன்’ சொன்னால் இன்னொரு தரம் இதே மாதிரி வரவேண்டி வரும் என்று சொல்லாமல் எழும்பி வருகிறோம், வீட்டுக்காரரும் வாங்கோ என்று அழைப்பதில்லை, போங்கோ என்று அனுப்புவதுமில்லை. அவருக்கு இது எப்படித் தெரியும்? உங்களைத் தேடியிருப்பார்.

அங்கே உள்ளே போகும்போது கை கொடுத்து ‘ஃகெகொண்டொலேர்ட்’, அனுதாபம் என்று ஒரு சொல். அடக்கம் முடிந்து கோப்பியும் ஒரு துண்டு கேக்கும் கொடுப்பார்கள், அதைக் குடிக்காமல் ஓடாதீர்கள், அந்தக் கோப்பிக்குத்தான் ஆட்கள் மெதுவாகப் பேசத் தொடங்குவார்கள். வெளிக்கிடும்போது ‘ஸ்டெர்க்டெ’. பொருள் வலிமை, தாங்கும் சக்தி கிடைக்கட்டும் என்பது. போவதையும் சொல்லவில்லை, வருவதையும் சொல்லவில்லை, ஆகவே எங்கள் வழக்கத்துக்கும் அது குறுக்கே வராது. நோயாளியைப் பார்க்கப் போய் வரும்போது ‘பேட்டர்ஸ்ஃகப்’, சுகம் வரட்டும்.

திங்கட்கிழமை அவரிடம் எங்கள் வழக்கத்தை எடுத்துச் சொல்லுங்கள். சும்மா மன்னிப்பு கேட்பதை விட அது நல்லது, டச்சுக்காரருக்குக் காரணம் சொன்னால் பிடிக்கும்.

கேள்வி: சுவாமி மலையில் ஒரு ஒல்லாந்துப் பெண் காதலனின் கப்பல் போவதைப் பார்த்துக் கடலில் குதித்தாளாம், வழிகாட்டி அண்ணா சொன்னார். அவள் கடைசியாக டச்சில் என்ன சொல்லியிருப்பாள்? – உவர்மலை மாணவி

ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள் மகள், ஏனென்றால் அவள் குதிக்கவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தக் கல்தூணில் ஃபிரான்சினா ஃபன் ரேட என்ற பெயரும் 1687 என்ற ஆண்டும் இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பெண் அதற்குப் பிறகும் உயிரோடிருந்தாள் என்றுதான் ஒல்லாந்தர் பதிவுகளைத் தேடினவர்கள் சொல்கிறார்கள். குதித்த கதையைப் பின்னால் வந்தவர்கள் கட்டியிருக்கிறார்கள், கீழே அந்தக் கடலைப் பார்த்தால் யாருக்கும் ஒரு கதை கட்டத் தோன்றும்.

ஆனாலும் கேள்வி நல்லது. கப்பலில் போகிறவரைத் திரும்பக் காண்போம் என்ற நிச்சயம் இல்லாத காலத்துக்கு ஒரு சொல் இருந்தது, ‘ஃபார்வெல்’. ‘ஃபார்’ என்பது ஒரு காலத்தில் பொதுவாகப் பயணம் போவது, இன்றைக்கு அதே வினைச்சொல் கப்பலிலும் படகிலும் போவதைத்தான் குறிக்கிறது. ‘வெல்’ என்றால் நல்லபடி. இன்றைக்கு அதை நாடகத்தில் அல்லது மரண அறிவித்தலில்தான் காணலாம். பஸ் தரிப்பிடத்தில் நண்பியிடம் சொல்லிப் பார்க்காதே, உனக்கு என்ன நடந்தது என்று உலுக்குவாள்.

கேள்வி: எனக்கு அறுபத்தெட்டு வயது, சாம்பல்தீவு. பேரப்பிள்ளைக்கு ஐந்து வயது, டென் ஹெல்டரில். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு வட்ஸ்அப்பில் பேசுவோம். முடிவில் பிள்ளை ‘டூய் ஓமா, ஸ்லாப் லெக்கர்’ என்று சொல்லிவிட்டு டக்கென்று ஓடிவிடுகிறது. நான் ‘வெல்டெருஸ்டன்’ என்றால் சிரிக்கிறது. என்னோடு பேசப் பிடிக்கவில்லையோ என்று மனம் வருத்தம்.

அம்மா, முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். உங்களுக்கு இரவு ஒன்பது, அங்கே கோடையில் பின்னேரம் ஐந்தரை, குளிர்காலத்தில் நாலரை. பிள்ளை சிரிப்பது உங்களைப் பார்த்து இல்லை, வெளிச்சம் இருக்கும்போதே அம்மம்மா தன்னைப் படுக்கச் சொல்கிறாவே என்று. ‘ஸ்லாப் லெக்கர்’ என்றால் நல்லாய் நித்திரை கொள்ளுங்கோ, ‘லெக்கர்’ என்பது உண்மையில் ருசி, ருசியாய் நித்திரை கொள்ளுங்கோ என்று. ஓமா என்றால் அம்மம்மா. ஐந்து வயதுப் பிள்ளை நேர வித்தியாசத்தை விளங்கி, நீங்கள் படுக்கப்போகிறீர்கள் என்று தெரிந்து சரியான சொல்லைச் சொல்கிறது, நீங்கள்தான் பிழையாகச் சொல்லியிருக்கிறீர்கள். இனிமேல் ‘ஃபெய்னெ ஆவண்ட், ஸ்ஃகட்’ என்று சொல்லுங்கள். ‘ஸ்ஃகட்’ என்றால் செல்லம், புதையல். அந்த ஒலி வராவிட்டால் ‘செல்லம்’ என்றே சொல்லுங்கள், அதைப் பிள்ளை தாயிடம் கேட்டே வளர்ந்திருக்கும்.

டக்கென்று ஓடுவதும் அப்படித்தான். அங்கே ‘டூய்’ சொன்னால் கதவு மூடியாயிற்று. எங்களுக்கு அதற்குப் பிறகுதான் சாப்பிட்டியா, குளிர்கிறதா, அப்பா எங்கே என்று தொடங்கும். ஆகவே அந்தக் கேள்விகளை முதலே கேட்டுவிடுங்கள், பிள்ளை ‘டூ’ என்று தொடங்க முன்பே. பிறகு ‘ஸ்வாய் மார்’ என்று சொல்லுங்கள், கை காட்டு என்று. ஐந்து வயதுப் பிள்ளை எதுவும் கையை ஆட்டாமல் போகாது. ‘குஷ்ஷெ’ என்றால் முத்தம், அதற்குக் கமராவுக்குக் கிட்ட வாயைக் கொண்டுவந்து திரையை நனைத்துவிடும். போனை அவர்களே வைக்கட்டும். அடுத்த ஞாயிறு பேசலாம் என்பதற்கு ‘டொட் ஸொண்டஃ’. அதைப் பிள்ளை திரும்பச் சொல்கிறதா என்று கேட்டு எழுதுங்கள்.